டச்சு மொழியில் முறையான கடிதம்: பணிவு வடிவத்தில், கண்டிப்பு வாசகத்தில்

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தை வைத்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். அலுவலகக் கூட்டம், மின்னஞ்சல், காபி இயந்திரத்தின் அருகே நடக்கும் பேச்சு எதற்கும் அது போதும். ஆனால் நகராட்சி ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கும்போதும், வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கும்போதும், வீட்டு வேலைக்கு முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்காமல் இருக்கும்போதும் டச்சு மொழியில், தேதியிட்டு, கையொப்பமிட்டு எழுதிய கடிதம் ஒன்றுதான் வேலை செய்கிறது. ராட்டர்டாமில் ஒரு சிறிய இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பதால், இத்தகைய கடிதங்களை எழுதுவது என் அன்றாடப் பணியின் ஒரு பகுதியாகிவிட்டது. அதை அறிந்த அக்கம்பக்கத்துத் தமிழர்களும் தங்களுக்கு வந்த உறைகளைத் தூக்கிக்கொண்டு வருவதுண்டு.

நம் பள்ளிகளில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டவர்களுக்கு அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்ற வரிசை மனப்பாடமாக இருக்கும். டச்சுக் கடிதத்தின் மேற்பகுதியும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் அமைகிறது என்பதால் தொடக்கத்தில் ஒரு நம்பிக்கை பிறக்கும். ஆனால் அடுத்த பத்தியிலேயே இரண்டு மரபுகளும் பிரிந்துவிடுகின்றன. ‘மேற்கண்ட முகவரியில் கடந்த பல ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கி, நடந்தவற்றை முறையாகச் சொல்லி, கடைசிப் பத்தியில் ‘ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து’ என்று வேண்டுகோளை வைப்பது நம் விண்ணப்ப மரபு. டச்சுக் கடிதத்தைப் பிரிக்கும் எழுத்தரோ முதல் பத்தியில் வேண்டுகோளைத் தேடுகிறார். என்ன வேண்டும், எந்தக் கோப்பு பற்றியது, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற மூன்றும் அங்கே இல்லையென்றால், கடிதம் எழுதியவருக்குத் தான் கேட்பது இன்னதென்று தெரியவில்லை என்றே அவர் முடிவு செய்வார். விளக்கம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

டச்சுக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசிவிடுபவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். அந்தப் பெயரை நம்பி, கடிதத்திலும் சடங்குகள் இருக்காது என்று எண்ணுபவர்கள் ஏமாந்துபோவார்கள். என் அனுபவத்தில், டச்சு அலுவல் கடிதத்தின் மரியாதை முழுவதும் அதன் ஓரங்களில் குடியிருக்கிறது. விளிப்பு, பெயரின் எழுத்துக்கூட்டல், பட்டம், முடிப்பு வாழ்த்து, ஒரு காற்புள்ளி ஆகிய இடங்களில் பணிவைச் சரியாகச் செலுத்திவிட்டால், நடுவில் எவ்வளவு கண்டிப்பாகவும் பேசலாம். யாரும் அதைத் துடுக்கு என்று கொள்வதில்லை. ஓரங்களில் பிசகிவிட்டு நடுவில் குழைந்து எழுதினால், அந்தக் குழைவு எழுதியவருக்கு எதிராகவே வேலை செய்கிறது.

பக்க அமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெதர்லாந்தில் அதற்கென்று என்இஎன் 1026 என்ற தர நிர்ணயமே இருக்கிறது. சாளரம் வைத்த உறையில் முகவரி சரியாகத் தெரியும்படி எல்லாவற்றுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. அஞ்சல் குறியீடு நான்கு இலக்கமும் இரண்டு பெரிய எழுத்தும் கொண்டது; இலக்கங்களுக்குப் பின் ஓர் இடைவெளி, ஊரின் பெயருக்கு முன் இரண்டு இடைவெளி விட வேண்டும். இந்தக் குறியீடும் வீட்டு எண்ணும் இருந்தாலே நாட்டின் எந்த வீட்டையும் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், தெருப்பெயரைவிட இவற்றில்தான் கவனம் தேவை. ஊர், தேதி என்று எழுதும் வரியில் மாதத்தின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். அதன் கீழே ‘பெட்ரெஃப்ட்’ அல்லது ‘ஒண்டர்வெர்ப்’ என்று பொருளும், ‘யுவ் கென்மெர்க்’ என்று அவர்களுடைய கோப்பு எண்ணும் வர வேண்டும். நிறுவனத்தின் கடிதமானால் வணிகப் பதிவேட்டின் எட்டு இலக்க எண் அதில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இவற்றுள் எதை மறந்தாலும் கோப்பு எண்ணை மறக்கக் கூடாது. அது இல்லாத கடிதம் உரிய மேசையைச் சென்றடைவதற்குள் கெடு கடந்துவிடும்.

விளிப்புக்கு வருவோம். இங்கேதான் நுணுக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. ‘கெஆக்டெ’ என்றால் மதிப்புக்குரிய என்று பொருள். பெயர் தெரிந்த ஆணுக்கு ‘கெஆக்டெ ஹேர்’, பெண்ணுக்கு ‘கெஆக்டெ மெஃப்ரௌ’ என்று எழுதி, பின்னால் குடும்பப் பெயரைச் சேர்த்து, காற்புள்ளி இட வேண்டும். முதற்பெயர் இங்கே வரவே கூடாது. ‘ஹேர் குமார்’ என்று நமக்கு வரும் கடிதங்களில் நம் தந்தையின் பெயரைக் கொண்டு நம்மை அழைக்கிறார்கள் என்று முணுமுணுக்கும் தமிழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முதற்பெயரால் அழைத்திருந்தால் அவர்கள் கணக்கில் அது நம்மைத் தோளில் கைபோட்டு அழைத்ததற்குச் சமம்.

டச்சுக் குடும்பப் பெயர்களில் பாதிக்குப் பாதி ‘டெ’, ‘ஃபன்’, ‘ஃபன் டென்’ போன்ற முன்னொட்டுகளோடு வருவதுபோல் தோன்றும். முகவரிப் பகுதியில் ‘யே. டெ ஃப்ரீஸ்’ என்று முதலெழுத்தோடு வரும்போது ‘டெ’ சிறிய எழுத்தில் இருக்கும். அதே மனிதரை இரண்டு அங்குலம் கீழே ‘கெஆக்டெ ஹேர் டெ ஃப்ரீஸ்’ என்று விளிக்கும்போது, முன்னால் முதலெழுத்து இல்லாததால், அந்த ‘டெ’ பெரிய எழுத்தாகிவிடுகிறது. ஒரே தாளில் ஒரே பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு திருத்திவிடும் புதியவர்கள் பலர். எல்லை தாண்டி பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குப் போனால் இந்த விதி செல்லாது. அங்கே பிறப்புப் பதிவேட்டில் உள்ளபடியே பெயரை எப்போதும் எழுத வேண்டும். இதன் தொடர்ச்சியாக, ஆம்ஸ்டர்டாமின் பெயர்ப்பட்டியலில் ‘டெ ஃப்ரீஸ்’ என்பவரை ‘ஃப்ரீஸ்’ என்பதன் முதலெழுத்தான ‘வி’ எழுத்தின் கீழும், ஆண்ட்வெர்ப்பின் பட்டியலில் ‘டி’ எழுத்தின் கீழும் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தின் கோப்பு அலமாரியில் ஃபிளாண்டர்ஸ் வாடிக்கையாளர்களுக்குத் தனித் தட்டு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டங்கள் தனி உலகம். நீதிமன்றத்திலிருந்தோ வழக்கறிஞரிடமிருந்தோ வரும் கடிதத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன் ‘எம் ஆர்’ என்ற இரண்டு சிறிய எழுத்துகளும் ஒரு புள்ளியும் இருப்பதைக் கண்டு, அச்சுப் பிழை என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆங்கிலத்தில் ஆண்களுக்குப் போடும் அடைமொழி அன்று. சட்டம் படித்தவருக்குரிய ‘மேஸ்டர்’ என்ற பட்டத்தின் சுருக்கம். பொறியாளருக்கு, மருத்துவருக்கு, முனைவருக்கு என ஒவ்வொருவருக்கும் ஒரு சுருக்கம் இருக்கிறது. முகவரியில் அதைப் போட வேண்டும். விளிப்பில் போடக் கூடாது. உறையில் ‘மெஃப்ரௌ மேஸ்டர் பக்கர்’ என்று இருப்பவர் கடிதத்துக்குள் வெறும் ‘மெஃப்ரௌ பக்கர்’ ஆகிவிடுவார்.

இவற்றுக்கு மேலே, மேட்டுக்குடி வாசனை அடிக்கும் பழைய அடைமொழிகளின் ஏணி ஒன்று உண்டு. மாவட்ட நீதிமன்ற நீதிபதியை ‘ஏடெல்ஆக்ட்பாரெ’ என்றும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருப்பவரை ‘ஏடெல்க்ரோட்ஆக்ட்பாரெ’ என்றும், உச்ச நீதிமன்றத்தில் இருப்பவரை ‘ஏடெல்ஹோக்ஆக்ட்பாரெ’ என்றும் அழைக்க வேண்டும். பேராசிரியர் ‘ஹோக்கெலேர்டெ’, சட்டம் படித்தவரும் பொறியாளரும் ‘வெல்ஏடெல்கெஸ்ட்ரெங்கெ’. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் அதிகாரிகள் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு எழுதியபோது இத்தகைய அடைமொழிகளை வரிக்கணக்கில் அடுக்கினார்கள். அந்த நிறுவனத்தின் ஆவணங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த தொகுப்பில் அதுவும் அடக்கம். இன்று வணிகக் கடிதத்தில் ‘வெல்ஏடெல்கெஸ்ட்ரெங்கெ’ என்று எழுதினால் பெறுபவர் சிரித்துவிடுவார். ஆனால் நீதிபதிக்கு எழுதும்போது ‘ஏடெல்ஆக்ட்பாரெ’ இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘கெஆக்டெ ஹேர்’ என்று எழுதுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர் தெரியாதவர்களுக்கு ‘கெஆக்டெ ஹேர், மெஃப்ரௌ’ என்று எழுதுவதே நெடுநாள் வழக்கம். அண்மைக் காலத்தில் ஆண், பெண் என்று பிரிக்காத விளிப்பைப் பல நிறுவனங்கள் விரும்புகின்றன. டச்சு ரயில்வே 2017-இல் தன் அறிவிப்புகளில் ‘சீமாட்டிகளே, சீமான்களே’ என்பதைக் கைவிட்டு ‘அன்பான பயணிகளே’ என்று மாறியபோது நாடே இரண்டுபட்டுப் பேசியது. கடிதங்களிலும் அந்தக் காற்று வீசுகிறது. ‘பெஸ்டெ’ என்ற நெருக்கமான விளிப்பு மின்னஞ்சல் வழியாக வணிகக் கடிதத்துக்குள் புகுந்துவிட்டது. நான் கடைப்பிடிப்பது எளிய வழி. முதல் கடிதத்தில் ‘கெஆக்டெ’ என்று எழுதுவேன். பதிலில் அவர்கள் ‘பெஸ்டெ’ என்று இறங்கி வந்தால் நானும் இறங்குவேன். நானாக முதலில் இறங்குவதில்லை.

கடிதத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் முடிப்பு, விளிப்பைவிட அதிகம் பேசக்கூடியது. ‘மெட் ஃப்ரின்டெலெக்கெ க்ரூட்’ என்பது நட்பார்ந்த வாழ்த்து; இன்று பெரும்பாலான வணிகக் கடிதங்கள் அதனுடன் முடிகின்றன. ‘ஹோக்ஆக்டென்ட்’ என்பது ஒற்றைச் சொல். மேலோட்டமாகப் பார்த்தால் அதுதான் உயர்ந்த மரியாதை. ஆனால் நேற்றுவரை நட்பார்ந்த வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் திடீரென்று ‘ஹோக்ஆக்டென்ட்’ என்று கையெழுத்துப் போட்டால், உறவு குளிர்ந்துவிட்டது, அடுத்த கடிதம் வழக்கறிஞரிடமிருந்து வரலாம் என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் கடன் வசூலுக்குப் பொறுப்பான பெண்மணி, வந்த கடிதங்களைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். கையொப்பத்துக்கு மேலே உள்ள அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டே எந்தத் தட்டில் வைப்பது என்று முடிவு செய்துவிடுவார். நான் பார்த்தவரை அவர் கணிப்பு பிசகியதில்லை.

விளிப்புக்கும் முடிப்புக்கும் இடையே வரும் வாசகத்தில் பழைய தலைமுறை விட்டுச்சென்ற கண்ணிகள் சில உண்டு. கடிதத்தை ‘இக்’, அதாவது ‘நான்’ என்று தொடங்கக் கூடாது என்று பள்ளியில் கற்பிக்கப்பட்டவர்கள் இன்னும் அலுவலகங்களில் இருக்கிறார்கள். இப்போது மொழி ஆலோசகர்கள் யாரும் அதைப் பிழையாகக் கருதுவதில்லை. இருந்தாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நான் அந்தத் தொடக்கத்தைத் தவிர்க்கவே சொல்வேன், ஏனென்றால் படிப்பவரின் வயது நமக்குத் தெரியாது. ‘தங்கள் பதிலை எதிர்நோக்கி’ என்று பொருள்படும் ‘இன் அஃப்வாக்டிங் ஃபன் யுவ் அன்ட்வோர்ட்’ என்ற தொடரை எழுதி, உடனே கையொப்பம் இடுவது மற்றொரு கண்ணி. அந்தத் தொடருக்கு வினைமுற்று கிடையாது. முற்காலத்தில் ‘இருக்கிறேன்’ என்று முடித்தார்கள், இப்போது அந்த வால் உதிர்ந்து தலை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘உங்கள் பதிலை ஏப்ரல் 15-க்குள் எதிர்பார்க்கிறேன்’ என்று முழு வாக்கியமாக எழுதினால் இலக்கணமும் நிறைவாகும், கெடுவும் பதிவாகும்.

வாக்கியப் பிழைகளுக்குள் ஒரு பிழைக்கு மட்டும் ஓர் அத்தையின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சாரிவாரியஸ் என்ற புனைபெயரில் மொழித்தூய்மை பற்றி எழுதிவந்த கெரார்ட் நோல்ஸ்ட் ட்ரெனிடே, தன் அத்தை ஒருவர் கடிதங்களில் ஓயாமல் செய்த ஒரு பிழைக்கு ‘டான்டெ பெட்யெ’, அதாவது பெட்யெ அத்தை என்று பெயரிட்டார். ‘வெய் ஹெப்பென் யுவ் ப்ரீஃப் ஒன்ட்ஃபாங்கென் என் டேலென் வெய் யு மேடெ’ என்று, ‘உங்கள் கடிதம் கிடைத்தது, இதைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்ற பொருளில் எழுதும்போது, இரண்டாம் பகுதியில் ‘வெய்’ என்ற எழுவாய் வினைக்குப் பின்னால் தேவையில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் போதும். வணிகக் கடிதங்களில் இந்தப் பிழை எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்றால், டச்சையே தாய்மொழியாகக் கொண்டவர்களின் கடிதங்களிலும் வாரம் தவறாமல் அத்தை எட்டிப்பார்க்கிறார். நம்மவர்கள் இதில் அவ்வளவாக மாட்டிக்கொள்வதில்லை. எழுவாயை விட்டுவிட்டு வினையில் முடித்துவிடும் பழக்கம் நமக்கு இயல்பாகவே இருப்பது காரணமாக இருக்கலாம்.

நெதர்லாந்தில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 25 லட்சம் பேர் எழுத்திலோ கணக்கிலோ சிரமப்படுகிறார்கள் என்று நாட்டின் தணிக்கை மன்றம் 2016-இல் கணக்கிட்டது. அதன் பின்னர் அரசு அலுவலகங்கள் தம் கடிதங்களை ‘பி 1’ என்ற எளிய மொழி நிலைக்குக் கொண்டுவரப் பெருமுயற்சி எடுத்துவருகின்றன. ‘கார்னெ’, ‘டெர்ஹால்வெ’, ‘மிட்டெல்ஸ்’ போன்ற பழஞ்சொற்களை அரசே விலக்கத் தொடங்கிய பின், அவற்றை அகராதியில் தேடி நம் கடிதத்தில் அலங்காரமாக வைப்பது வீண் வேலை. நீளமான வாக்கியத்தில் மகிழ்ச்சி அடையும் நான்கூட டச்சில் எழுதும்போது வாக்கியத்தை வெட்டிவிடுகிறேன். டச்சு வினைச்சொல்லின் ஒரு பாதி முன்னாலும் மறுபாதி வாக்கியத்தின் கடைசியிலும் வருவதால், நடுவில் நாம் எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவுக்குப் படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நேரே கேட்கும் இந்த முறைக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்பது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருக்குக் கடிதம் எழுதியபோது தெளிவாகத் தெரிந்தது. சமையலறையைப் புதுப்பிக்க அவர் அமர்த்திய ஒப்பந்தக்காரர் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, பழைய அலமாரிகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டு மறைந்துவிட்டார். ‘தம்பி, இந்த ஆள் செய்த அநியாயம் முழுக்க எழுத வேணும். பிள்ளையள் கடையிலெதான் வாங்கிச் சாப்பிடுதுகள் எண்டதையும் போடுங்கோ’ என்றார் அக்கா. அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது ‘இன்கெப்ரேகெஸ்டெல்லிங்’ என்று டச்சுச் சட்டம் அழைக்கும் ஒரு கடிதம். ஒப்பந்தப்படி நடக்காத ஒருவர்மீது இழப்பீடு கேட்கவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ வேண்டுமானால், பெரும்பாலான நேரங்களில் முதலில் எழுத்து மூலம் எச்சரித்து, நியாயமான கெடு ஒன்றைத் தர வேண்டும். அந்தக் கெடுவும் கடந்தால்தான் அவர் சட்டப்படி தவறியவர் ஆவார். டச்சுக் குடிமையியல் சட்டத்தின் ஆறாம் நூல், 82-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. எச்சரிக்காமல் வேறு ஆளை வைத்து வேலையை முடித்துவிட்டு அந்தச் செலவைக் கேட்டுப் போனால், வாய்ப்பே தரவில்லையே என்று ஒப்பந்தக்காரர் நீதிமன்றத்தில் தப்பித்துவிடலாம்.

ஆகவே அந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்தது. இன்ன தேதியில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இன்ன வேலையை இன்ன தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். இன்னவை முடியவில்லை என்று ஒரு வாக்கியம்: மேல் அலமாரி ஆறு, கழுவுத் தொட்டி, புகைபோக்கி. ‘ஹீர்பை ஸ்டெல் இக் யு இன் கெப்ரேகெ’ என்று, கடமையை நிறைவேற்றாததற்காக இக்கடிதத்தின் வழியாக உங்களை முறைப்படி எச்சரிக்கிறேன் என்னும் வாசகம். எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கிழமையுடன் ஒரு தேதி. அது நடக்காவிட்டால் வேறொருவரைக் கொண்டு செய்துகொண்டு செலவை உங்களிடம் பெறுவேன் என்று ஒரு வாக்கியம். பிறகு ‘ஹோக்ஆக்டென்ட்’. இதை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டியபோது, ‘இவ்வளவுதானோ? இதுக்கு அவன் பயப்படுவானோ?’ என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் கடையில் வாங்கிச் சாப்பிடுவதை ஒரு வரியில் சேர்த்தேன். புலம்பலாக அல்ல, சமையலறை பயன்படாத நாள்களுக்கான கூடுதல் செலவு என்ற தலைப்பில், ரசீதுகளை இணைப்பாகக் காட்டி. கெடு முடிவதற்குள் ஆள் வந்து அலமாரிகளை மாட்டிவிட்டுப் போனார். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ‘இன் கெப்ரேகெ’ என்ற இரண்டு சொற்களைக் கண்டதும் அடுத்த படி என்னவென்று தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் நான் அதிகம் எழுதுவது இதன் உடன்பிறப்பான ‘ஃபேர்டீன்டாகெப்ரீஃப்’, அதாவது பதினான்கு நாள் கடிதம். தனிநபர் ஒருவர் விலைப்பட்டியலுக்குப் பணம் செலுத்தாவிட்டால், வசூல் செலவை அவர் தலையில் கட்டுவதற்கு முன் ஒரு முறை எச்சரித்தாக வேண்டும் என்று 2012 ஜூலை 1 முதல் சட்டம் கேட்கிறது. அந்தக் கடிதத்தில் பணம் கட்ட 14 நாள் அவகாசம் தர வேண்டும். கட்டாவிட்டால் வசூல் செலவு எவ்வளவு என்பதைத் தொகையாகவே குறிப்பிட வேண்டும். நிலுவையில் முதல் 2,500 யூரோவுக்கு 15 விழுக்காடு, ஆனால் குறைந்தது 40 யூரோ என்பது கணக்கு. 600 யூரோ நிலுவைக்கு 90 யூரோ. 200 யூரோ நிலுவைக்கு 30 என்று கணக்கு வந்தாலும் 40.

இதில் 14 நாள் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்ற ஒரு கேள்வியில் எத்தனையோ கடிதங்கள் செல்லாமல் போயிருக்கின்றன. கடிதத்தின் தேதியிலிருந்து 14 நாள் என்றோ, இன்றிலிருந்து 14 நாள் என்றோ எழுதினால் வசூல் செலவு முழுவதும் போய்விடும். கடிதம் கையில் கிடைத்த நாளுக்கு மறுநாளிலிருந்துதான் 14 நாள் எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 நவம்பர் 25 அன்று தெளிவுபடுத்தியது. அதனால் இப்போது எல்லோரும் ‘இந்தக் கடிதம் உங்களிடம் சேர்க்கப்பட்ட நாளுக்கு மறுநாள் முதல் 14 நாள்களுக்குள்’ என்ற நீண்ட தொடரை அப்படியே எழுதுகிறார்கள். வாக்கியத்தை வெட்டுங்கள் என்று மேலே சொன்னேன். இந்த ஒரு தொடரை மட்டும் வெட்டக் கூடாது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கடனுக்கு இந்தப் பதினான்கு நாள் கடிதம் தேவையில்லை. கெடு தாண்டியவுடன் குறைந்தது 40 யூரோ கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. இருந்தாலும் நல்ல வாடிக்கையாளருக்கு முதலில் நட்பார்ந்த வாழ்த்துடன் ஒரு நினைவூட்டல் அனுப்புவதே வழக்கம். ‘உங்கள் கவனத்திலிருந்து தப்பியிருக்கலாம்’ என்ற வரி அதில் இருக்கும், அது உண்மையில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்தும் இருக்கும்.

தொகை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. டச்சு முறையில் ஆயிரத்துக்குப் புள்ளியும் பின்னத்துக்குக் காற்புள்ளியும் இடுகிறார்கள்; ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ என்பது 1.250,00 என்று வரும். நம் பழக்கத்தில் 1,250.00 என்று எழுதிவிட்டால், ஒன்றேகால் யூரோ கேட்கிறீர்களா என்று குறும்புக்காரக் கடனாளி திருப்பிக் கேட்பதற்கு இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஃபிளாண்டர்ஸுக்கு எழுதும்போது சிறிய மாற்றங்கள் வேண்டும். விளிப்புக்குப் பின்னும் முடிப்புக்குப் பின்னும் நெதர்லாந்தில் இடும் காற்புள்ளியை பெல்ஜியத் தர நிர்ணயம் விட்டுவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே டச்சு மொழி சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. முதலாளி தொழிலாளிக்கு எழுதும் ஆவணங்கள் டச்சில் இருந்தாக வேண்டும், இல்லையேல் செல்லாது என்று 1973-ஆம் ஆண்டு ஆணை ஒன்று சொன்னது. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ஆங்கில ஒப்பந்தத்துடன் பணியாற்றிய அன்டன் லாஸ் என்பவரின் வழக்கில், எல்லை கடந்த வேலை ஒப்பந்தங்களில் இப்படி டச்சை மட்டுமே கட்டாயமாக்குவது தொழிலாளர்களின் தடையற்ற நடமாட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஆணை சற்றுத் தளர்ந்தது.

எழுதி முடித்த கடிதத்தை அனுப்பும் விதத்திலும் கவனம் தேவை. தனியாருக்கு அனுப்பும் கடிதம் அவரைச் சென்றடைந்தால்தான் செல்லும். சேர்ந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அனுப்பியவருடையது. அதனால் கெடு விதிக்கும் கடிதத்தை ‘ஆன்கெடேகென்ட்’ என்னும் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். கையொப்பமிட்டு வாங்க மறுத்து, அஞ்சல் முகவர் கடையிலும் போய் எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு என்பதால், அதே கடிதத்தைச் சாதாரணத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, மூன்று வழிகளிலும் அனுப்பியதாகக் கடிதத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுகிறோம்.

அரசு அலுவலகத்தின் முடிவை எதிர்த்து எழுதும் ‘பெஸ்வார்ஸ்க்ரிஃப்ட்’ என்னும் ஆட்சேபக் கடிதத்துக்கு விதி சற்று இரக்கமானது. முடிவு வெளியான ஆறு வாரங்களுக்குள் அதை அனுப்ப வேண்டும். கெடு முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிட்டு, கெடு முடிந்து ஒரு வாரத்துக்குள் அது அவர்களுக்குக் கிடைத்துவிட்டால் போதும். பெயரும் முகவரியும், தேதி, எந்த முடிவை எதிர்க்கிறோம் என்ற குறிப்பு, காரணங்கள், கையொப்பம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஐந்தாவது வாரத்தின் முடிவில் வியர்த்துக்கொண்டு வருபவர்களிடம் காரணங்களை அன்றிரவே அவசரமாகக் கோக்க வேண்டாம் என்று சொல்வேன். ஆட்சேபத்தை மட்டும் பதிவு செய்து, காரணங்களைப் பின்னர் அனுப்ப அவகாசம் கேட்டு நான்கு வரியில் ‘ப்ரோ ஃபோர்மா’ கடிதம் ஒன்றை முதலில் அனுப்பிவிடலாம். குறையை நிவர்த்தி செய்ய அலுவலகம் ஒரு கெடு தந்தாக வேண்டும்; அந்தக் கெடுவைக் குறிப்பிட்டு அவர்கள் அனுப்பும் பதிலில் புதிய கோப்பு எண் ஒன்று இருக்கும். காரணங்களை எழுதும்போது பழைய எண்ணை விட்டுவிட்டு அந்தப் புதிய எண்ணையே மேலே போட வேண்டும்.